வெளியே அனுப்பினால் யாருக்கு லாபம்?

கணக்குப் பாடம். கரும்பலகையில் பின்னக் கணக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது பெஞ்சுப் பையன் பக்கத்துப் பையனின் காம்பஸ் பாக்ஸைத் தட்டிவிடுகிறான். பென்சிலும் ஸ்கேலும் தரையெல்லாம் சிதறுகின்றன. வகுப்பு சிரிக்கிறது. "எந்திரிச்சு வெளிய போ" என்கிறார் டீச்சர். பையன் போகிறான். மறுநாள் அதே பாடவேளையில் தண்ணீர் பாட்டில் உருள்கிறது. அடுத்த வாரம் ஒரு பெஞ்சே சாய்கிறது. எத்தனை தடவை தண்டித்தாலும் இவனுக்கு உறைக்கவில்லையே என்று டீச்சர் நொந்துபோகிறார்.

உண்மையில் அவனுக்கு நன்றாகவே உறைத்திருக்கிறது. பொருளைத் தட்டிவிட்டால் கணக்கு போடவேண்டியதில்லை என்பதை அவன் முதல் நாளே கற்றுக்கொண்டுவிட்டான். டீச்சர் கொடுத்தது தண்டனை, அவன் வாங்கிக்கொண்டது விடுதலை. மும்பையில் தாராவி மாநகராட்சிப் பள்ளியிலும் இது நடக்கும், மாட்டுங்காவின் பழம்பெரும் பள்ளியிலும் நடக்கும், செம்பூரின் இங்கிலீஷ் மீடியத்திலும் நடக்கும். கட்டணம் மாறும், காட்சி மாறாது.

குழந்தைகளின் நடத்தையை ஆராய்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்: இந்தச் செயல் அந்தப் பிள்ளைக்கு எதைச் சம்பாதித்துத் தருகிறது? கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இதைக் கேட்டபின் வகுப்பறை முழுக்க வேறு மாதிரித் தெரியத் தொடங்கும். பதில் பெரும்பாலும் சில விஷயங்களுக்குள் அடங்கிவிடுகிறது. யாராவது என்னைப் பார்க்க வேண்டும். இந்தக் கஷ்டம் என்னை விட்டுப் போக வேண்டும். அந்தப் பொருளோ அந்த விளையாட்டோ எனக்கு வேண்டும். இல்லாவிட்டால், காலை ஆட்டுவதும் முனகுவதும் போல, அந்த அசைவே உடம்புக்கு இதமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைச் சோதனைக்கு உட்படுத்திய ஆய்வுகளில், 1985-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் வெளியிட்டது என்னை இன்னும் வியக்க வைக்கிறது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள நான்கு பிள்ளைகள். அடிப்பது, கத்துவது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, இடத்தை விட்டு எழுந்து ஓடுவது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு தொல்லை. ஆய்வாளர்கள் முதலில் எதையும் திருத்தப் போகவில்லை. சூழ்நிலையை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒரு நேரம் சுலபமான வேலை, கூடவே டீச்சரின் முழுக் கவனம். ஒரு நேரம் அதே சுலபமான வேலை, ஆனால் டீச்சர் அவ்வப்போதுதான் திரும்பிப் பார்ப்பார். இன்னொரு நேரம் முழுக் கவனம் உண்டு, வேலை கடினம். சில பிள்ளைகளுக்கு வேலை கடினமானபோது தொல்லை எகிறியது. சிலருக்குக் கவனம் குறைந்தபோது எகிறியது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாமே 'அடங்காத பிள்ளை'தான். உள்ளே ஓடிய காரணங்கள் வேறு வேறு.

பிறகு பிள்ளைகளுக்கு இரண்டு வாக்கியங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று, "எனக்குப் புரியவில்லை." சொன்னதும் டீச்சர் வந்து உதவுவார். மற்றொன்று, "நான் நல்லா செய்றேனா?" சொன்னதும் டீச்சர் பார்த்துப் பாராட்டுவார். கடினமான வேலைக்குப் பயந்து கத்திய பிள்ளை "புரியவில்லை" என்று சொல்லக் கற்றதும் கத்துவது ஏறக்குறைய நின்றுபோனது. கவனத்துக்கு ஏங்கிய பிள்ளைக்கு "நல்லா செய்றேனா" வேலை செய்தது.

வாக்கியங்களை மாற்றிக் கொடுத்தும் பார்த்தார்கள். கடினமான வேலைக்குப் பயந்த பிள்ளைக்குப் பாராட்டு கேட்கும் வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தால், அவன் அதையும் சமர்த்தாகச் சொன்னான், பாராட்டையும் வாங்கிக்கொண்டான், ஆனால் தொல்லை குறையவே இல்லை. பேசக் கற்றுக்கொடுத்தது மட்டும் போதவில்லை என்று இதில் தெரிந்தது. அந்தக் கத்தலுக்கு என்ன கிடைத்துக்கொண்டிருந்ததோ அதையே புதிய வாக்கியமும் வாங்கித்தர வேண்டும். அப்போதுதான் பிள்ளை பழையதைக் கைவிடுகிறது.

இதைத்தான் மாற்று நடத்தை என்கிறார்கள். "அமைதியாக உட்கார்", "அடிக்காதே", "கத்தாதே" போன்றவற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, எதைச் செய்யக்கூடாது என்று மட்டுமே சொல்கிறோம். அந்த இடத்தில் எதைச் செய்வது என்பது காலியாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் சாக்கடையை ஒரு சந்தில் அடைத்தால் அடுத்த சந்தில் பொங்கும் என்பது மும்பைக்காரருக்குத் தெரியும். தட்டிவிடுவதை நிறுத்தினால் கிள்ளத் தொடங்குகிற பிள்ளையிடம் நடப்பதும் அதுதான்.

சரி, கவனத்துக்காகச் செய்கிற பிள்ளை திட்டு வாங்குகிறதே, அது எப்படி லாபம் என்று கேட்கலாம். இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 1968-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வெஸ்லி பெக்கரும் மேட்சனும் அவர்களுடைய குழுவினரும் ஒரு முதல் வகுப்பைக் கவனித்தார்கள். பிள்ளைகள் அடிக்கடி எழுந்து திரிந்தார்கள். ஆய்வாளர்கள், ஆசிரியர்களை "உட்காரு" என்று சொல்லும் அளவைப் பல மடங்கு கூட்டச் சொன்னார்கள். எழுந்து நிற்பது குறையவில்லை, கூடியது. உட்காரச் சொன்னதும் பிள்ளை உட்காரத்தான் செய்தது, அதனால் சொன்னது பலித்துவிட்டதாக ஆசிரியருக்குத் தோன்றியது. ஆனால் அரை நிமிடத்துக்கு டீச்சரின் கண்ணும் குரலும் தனக்கே தனக்காகக் கிடைத்ததை அந்தப் பிள்ளை மறக்கவில்லை. உட்கார்ந்து வேலை செய்கிறவர்களை ஆசிரியர்கள் பாராட்டத் தொடங்கியபின்தான் நிற்பது குறைந்தது. வீட்டில் ஒரு குழந்தையை வளர்த்தவர்கள் இதைப் படித்ததும் ஒரு கணம் நிதானிப்பார்கள். நாம் எப்போது நம் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிறோம்? சமர்த்தாக எழுதிக்கொண்டிருக்கும்போதா, தம்பியைக் கிள்ளியபோதா?

மும்பையில் இதையெல்லாம் யோசித்தவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். இன்று தேவ்னாரில், செம்பூரை ஒட்டி இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936-இல் சர் தொராப்ஜி டாடா சமூகப் பணிப் பட்டப் பள்ளி என்ற பெயரில் நாகபாடாவில் தொடங்கியது. மறு ஆண்டே, 1937-இல், அதன் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் காலத்தில் அங்கே குழந்தைகளுக்கான வழிகாட்டி மையம் ஒன்று திறக்கப்பட்டது. இந்தியாவில் இந்த வகையில் அதுவே முதல். பிரம்பும் முட்டிபோடுவதும் கேள்வியின்றி நடந்த காலத்தில், அடங்காத பிள்ளையை ஏன் என்று கேட்டுப் பார்க்க இந்த நகரத்தில் ஓர் இடம் இருந்திருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

தாராவித் தமிழ்ப் பிள்ளையின் ஒரு நாளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். வீடு என்பது பெரும்பாலும் கோலி என்று இங்கே சொல்லப்படும் ஒற்றை அறை. மேலே ஏணி வைத்த மாடி இருந்தாலும் இருக்கலாம். அம்மா சமைக்க, டிவி ஓட, அக்கா படிக்க, வாசலில் யாரோ பேச, இவ்வளவுக்கும் நடுவில் தனக்கு ஒன்று வேண்டும் என்றால் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லிப் பலன் இல்லாவிட்டால் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். அங்கே அது ஒழுங்கீனம் அல்ல, அது இல்லாமல் காரியம் நடக்காது. காலை ஏழு மணிக்கோ மதியமோ வகுப்புக்குள் நுழைந்ததும் அதே குரல் குற்றமாகிவிடுகிறது. வகுப்பில் எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்களா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை. இரண்டாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னால் சொல்லிக்கொடுக்கிறோம். கூப்பிடத் தெரியாமல் கத்தினால் திட்டுகிறோம்.

மொழி இன்னொரு பக்கம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, பாடத்தில் மராத்தி, பெற்றோரின் கனவில் இங்கிலீஷ். தமிழ் மீடியத்திலிருந்து இந்தி மீடியத்துக்கோ இங்கிலீஷ் மீடியத்துக்கோ மாறிய பிள்ளைக்குப் பாடம் புரியாததோடு, புரியவில்லை என்று சொல்லவும் வாய் வருவதில்லை. நாலு பேர் சிரிப்பார்கள் என்ற பயம் வேறு. அந்தப் பிள்ளை வம்புக்காரனாகப் பெயர் எடுப்பது முட்டாளாகப் பெயர் எடுப்பதைவிடக் கௌரவமானது என்று முடிவுசெய்தால், அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையிடமும் இதே கதைதான். எழுத்து கண்முன் குழம்பும்போது புத்தகத்தை மூட ஒரு சண்டை உதவுகிறது. தாராவிக்குப் பக்கத்திலேயே, சயானில் உள்ள லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டைக் கண்டறிய ஒரு கிளினிக் இருக்கிறது. வம்புக்காரன் என்று பெயர் எடுத்த பிள்ளைக்கு முதலில் கண், காது, வாசிப்பு மூன்றையும் சோதித்துவிடுவது நல்லது.

காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது என்று எழுதவேண்டும். "பதினொன்றே கால். பின்னக் கணக்கை நோட்டில் போடச் சொன்னேன். பாக்ஸைத் தட்டினான். வெளியே அனுப்பினேன்." "பன்னிரண்டு மணி. மராத்தி வாசிக்கச் சொன்னேன். முன்னால் இருந்தவளின் பின்னலை இழுத்தான். வெளியே அனுப்பினேன்." "ஒன்றரை. படம் வரைந்தார்கள். ஒன்றும் செய்யவில்லை." பத்து வரி சேர்ந்தால் போதும், மூன்றாவது பத்தி தன் கதையைச் சொல்லிவிடும். அதே நோட்டில் வேறொரு சிறுமியின் வரிகள் எல்லாம் "திட்டினேன், எல்லாரும் சிரித்தார்கள்" என்று முடிந்தால், அது வேறு கதை, அதற்கு வேறு மாற்று. இவனைக் கணக்குக்குள் உதவியோடு கொண்டுவர வேண்டும். அவளுக்கு நாலு பேர் பார்க்கிற மாதிரி ஒரு வேலை கொடுக்க வேண்டும்: வருகைப் பதிவேட்டை ஆபீஸுக்குக் கொண்டுபோவதோ, கரும்பலகையில் தேதி எழுதுவதோ.

மாற்றைத் தேர்ந்தெடுப்பதில் நல்ல எண்ணம் கொண்டவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 1991-இல் ராபர்ட் ஹார்னர், மைக்கேல் டே இருவரும் அதைத் தெளிவாகக் காட்டினார்கள். பேச்சு வராத ஒரு சிறுவன், கடினமான வேலையிலிருந்து தப்பப் பிறரைத் தாக்குவான். தனக்கு வெளியே போகவேண்டும் என்பதை ஒரு முழு வாக்கியமாகச் சைகையில் சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டான், ஆனால் தாக்குவதை விடவில்லை. பிறகு, ஓய்வு வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு சைகையைக் கற்றுக்கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டான், தாக்குவது குறைந்தது. மரியாதையான முழு வாக்கியத்தைவிட ஓர் அடி சுலபமாக இருந்ததுதான், முதலில் அவன் தாக்குவதை விடாததற்குக் காரணம். மாற்று வழி பழைய வழியைவிடச் சுலபமாக இருக்க வேண்டும், சீக்கிரம் பலிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பலிக்க வேண்டும்.

நம் வகுப்பறைகளில் "கை தூக்கு" என்பது ஏன் தோற்கிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் உள்ள அறையில் தூக்கிய கை மூன்று நிமிடம் காற்றில் நிற்கும், சில சமயம் மணியடிக்கும்வரை நிற்கும். எறிந்த ரப்பருக்கு இரண்டு நொடியில் பதில் வரும். பிள்ளை முட்டாள் இல்லை. அதனால்தான் அனுபவமுள்ள ஆசிரியர்கள் அட்டையைக் கையாள்கிறார்கள். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை ஒட்டி, பெஞ்சின் மேல் வைத்துவிட வேண்டும். புரியவில்லை என்றால் சிவப்பைத் திருப்பிவை, நான் வருவேன். பேச வேண்டாம், இந்தியா மராத்தியா என்று தேட வேண்டாம், யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். டீச்சர் முதல் சில நாள்கள் அட்டை திரும்பிய உடனே, சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, போயே ஆகவேண்டும். ஐந்து தடவை திருப்பினால் ஐந்து தடவையும் போக வேண்டும். இதில்தான் எல்லாரும் தளர்கிறார்கள். "இவனுக்கே சேவகம் பண்ணிட்டிருந்தா மத்தவங்க என்ன ஆவாங்க" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் இவனுடைய பாக்ஸ், பாட்டில், பெஞ்சு, அதன்பின் வரும் விசாரணை எல்லாவற்றுக்கும் இப்போது எத்தனை நிமிடம் போகிறது என்பதையும் அதே நோட்டில் குறித்துப் பார்க்க வேண்டும்.

காத்திருக்கக் கற்பிப்பது அதற்கு அடுத்த கட்டம். அட்டையைத் திருப்பினால் உதவி நிச்சயம் வரும் என்று பிள்ளைக்கு நம்பிக்கை வந்தபின், "பார்த்துட்டேன், இந்த வரியை முடிச்சுட்டு வரேன்" என்று கொஞ்சம் தள்ளலாம். பிறகு, முதல் வரியை நீயே போட்டுப் பார், அப்புறம் திருப்பு என்று சொல்லலாம். இடையில் ஒரு மோசமான வாரம் வரக்கூடும். பழைய வழி பலிக்காமல் போனதும், அதைக் கைவிடுவதற்கு முன் பிள்ளை அதை இன்னும் பலமாக ஒரு முறை முயன்று பார்ப்பான். முறை தோற்றுவிட்டது என்று பலரும் அந்த வாரத்தில்தான் பழைய வழிக்குத் திரும்புகிறார்கள். பலமாகத் தட்டினால்தான் பலிக்கும் என்று அப்போது பிள்ளை கற்றுக்கொண்டுவிடுகிறான்.

இவ்வளவு பாடுபடுவது எதற்கு? காரும் டுராண்டும் 1991-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. இப்படிப் பேசக் கற்ற சிறுவர்களை அவர்கள் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தார்கள். பிள்ளைகள் புதிய வகுப்புகளுக்கு, எந்தப் பயிற்சியும் பெறாத புதிய ஆசிரியர்களிடம் போனார்கள். மாற்றம் நிலைத்தது. புதிய ஆசிரியருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு பிள்ளை "புரியவில்லை, உதவுங்கள்" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் இயல்பாகவே உதவுகிறார். கண்டிப்பான டீச்சர் லீவு போட்டால் அவருடைய கண்டிப்பும் அன்று லீவு. கேட்கத் தெரிந்த பிள்ளையோ எந்த வகுப்புக்குப் போனாலும் அதைக் கூடவே கொண்டுபோகிறது.

வாய்ப்பேச்சே வராத பிள்ளைகளுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. சென்னையில் அஜித் நாராயணன் குழு உருவாக்கிய 'ஆவாஸ்' செயலியில் படங்களைத் தொட்டால் அது பேசும். தண்ணீர், வலி, போதும் என்று தொட்டுச் சொல்ல முடிந்த பிள்ளைக்குத் தன் கையைக் கடித்துச் சொல்லவேண்டிய அவசியம் குறைகிறது.

இதுவரை பிள்ளையைப் பற்றிப் பேசினோம். இதே கேள்வியை ஆசிரியரிடமும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன், அன்போடுதான். பிரம்பு அவருக்கு எதைச் சம்பாதித்துக் கொடுத்தது? உடனடி அமைதி. ஒரு அடி விழுந்தால் அறை முழுதும் அடங்கும். அந்த அமைதி பத்து நிமிடம்தான் நீடிக்கும் என்றாலும், சிலபஸ் துரத்தும் ஒருவருக்குப் பத்து நிமிடம் பெரிது. ஆசிரியருடைய கையைப் பிரம்புக்குப் பழக்கியது அந்தப் பத்து நிமிடம்தான். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. மிகச் சரியான சட்டம், ஒரு எழுத்தும் குறைக்கக் கூடாது. ஆனால் பிரம்பை வாங்கிக்கொண்ட வேகத்தில், அந்த அமைதியை வேறு எப்படிப் பெறுவது என்று ஆசிரியருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பிள்ளையிடம் "செய்யாதே" என்று மட்டும் சொல்வதில் உள்ள அதே ஓட்டை இங்கேயும் இருக்கிறது. பிரம்பு போன இடத்தில் பல வகுப்புகளில் ஏச்சும் ஏளனமும் வந்து உட்கார்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆசிரியர் தலையிலேயே இதையும் ஏற்றிவிடலாமா என்பதற்குப் பீகாரில் ஒரு பெரிய சோதனை நடந்திருக்கிறது. நாளந்தா மாவட்டத்தின் 74 உயர்நிலைப் பள்ளிகளில், கோவாவின் சங்காத் அமைப்பும் விக்ரம் படேல், சச்சின் ஷிண்டே உள்ளிட்ட ஆய்வாளர்களும் நடத்தியது, பெயர் 'செஹர்'. சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற, மருத்துவர் அல்லாத ஒரு ஆலோசகர் இந்த வேலைக்கென்றே அமர்த்தப்பட்டார். சில பள்ளிகளில் அதே வேலையை ஓர் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். மீதிப் பள்ளிகளில் வழக்கமான நிலை. பிள்ளைகள் குறைகளைப் பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, தனியே வந்து பேச ஒரு நேரம் என்று எல்லாமே பிள்ளைக்குக் கேட்க வழி செய்கிற ஏற்பாடுகள். 2018 இறுதியில் லான்செட் இதழில் முடிவு வந்தது. தனி ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் வெகுவாக மேம்பட்டது, மிரட்டலும் வன்முறையும் குறைந்தன, மனச்சோர்வும் குறைந்தது. ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளில் வழக்கமான பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆசிரியர்கள் மோசமானவர்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. அவர்களுக்குக் கை இரண்டுதான்.

ஆகவே நோட்டையும் அட்டையையும் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு, "இனி உங்கள் பொறுப்பு" என்று கிளம்பிவிட முடியாது. தாராவியின் தமிழ்ப் பள்ளிகளுக்கு இந்த வேலைக்கென்றே ஒருவர் வேண்டும். தமிழும் இந்தியும் பேசத் தெரிந்த, முடிந்தால் அதே பகுதியில் வளர்ந்த இளைஞரோ பெண்ணோ போதும், பெரிய பட்டம் தேவையில்லை. அவர் முதல் வாரம் முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று பத்தி நோட்டை எழுதட்டும். இரண்டாம் வாரம் அதை டீச்சரோடு உட்கார்ந்து படிக்கட்டும். அட்டை திரும்பும்போது ஓட அறையில் இன்னொரு ஜோடிக் கால் இருந்தால், டீச்சர் பின்னக் கணக்கை நிறுத்தாமல் நடத்தலாம்.